பூட்டில்லாமல் படிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கெர்னல் (வன்பொருளை நேராக ஆளும், இயங்குதளத்தின் மையப் பகுதி) பற்றி இந்தப் பகுதிக்குக் கேள்வி வருவது எப்போதாவதுதான். சென்ற இதழில் லினக்ஸ் டிரைவர் (ஒரு கருவியைக் கெர்னலோடு பேசவைக்கும் புரோகிராம்) பற்றி எழுதிய சின்னப் பதிலைப் பார்த்துவிட்டு மொரீஷியஸின் எபேன், காத்ரபோர்ன், தென்னாப்பிரிக்காவின் டர்பன், ரீயூனியன், யாங்கோன் என்று பல ஊர்களிலிருந்து கடிதம் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரே வேரியபிளை இரண்டு பேர் தொடும்போது, லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் பூட்டு) போடாமல் அதைப் படிக்கலாமா, படித்தால் எப்படிப் படிப்பது? இந்த மாதப் பக்கங்களை அதற்கே கொடுத்துவிட்டேன். சமையல் குறிப்புக் கேள்விகள் அடுத்த மாதம் வரும்.

கேள்வி (எபேனில் வேலை செய்யும் வாசகர்): வணக்கம் அக்கா. வடிகால்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கு டிரைவர் எழுதுகிறோம். சென்சார் அளந்து முடித்ததும் இன்டரப்ட் (என்னைக் கவனி என்று சிபியுவுக்குப் போகும் அறிவிப்பு) வரும். அதைக் கவனிக்கும் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒரு ஃபிளாகை 1 ஆக்கும். டிரைவரின் இன்னொரு பக்கத்தில் ஒரு லூப், அந்த ஃபிளாக் 1 ஆகும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் சாதாரண புரோகிராமாக எழுதிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. கெர்னல் மாட்யூல் ஆக்கியதும் லூப்பிலேயே நின்றுவிடுகிறது. என்ன நடக்கிறது என்று பார்க்க உள்ளே ஒரு பிரின்ட்கே (கெர்னலில் செய்தி அச்சடிக்கும் ஃபங்ஷன்) போட்டால் சரியாகிவிடுகிறது; எடுத்தால் மறுபடி நிற்கிறது. போர்டில் கோளாறா?

பதில்: போர்டைச் சந்தேகிக்க வேண்டாம் தம்பி. பிரின்ட்கே போட்டதும் சரியாகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதற்குள்தான் இருக்கிறது.

சி கம்பைலர் ஒரு ஃபங்ஷனை எடுத்து வேலை செய்யும்போது, அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த மெமரியைத் தொடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்ள மொழியின் விதியே இடம் கொடுக்கிறது. உங்கள் லூப்புக்குள் ஃபிளாகை மாற்றும் வரி ஒன்றுகூட இல்லை. மாற்றுகிறவர் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் மெமரிவரை போய்ப் பார்ப்பானேன்? ஒரு தடவை படித்து சிபியுவுக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அது 0 ஆக இருந்தால் தீர்ந்தது, இனி முடிவே இல்லாத சுற்று. போர்ட் லூயிஸ் சந்தையில் காலையில் பலகையில் பார்த்த தக்காளி விலையை மாலைவரை அதே விலை என்று சொல்லிக்கொண்டிருப்பவரைப் போலத்தான். நடுவில் கடைக்காரர் பலகையை எத்தனை தடவை அழித்து எழுதினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

பிரின்ட்கே வேறொரு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷன். அதற்குள் என்ன நடக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது. உங்கள் ஃபிளாகையே அது மாற்றியிருக்கலாம். ஆகவே திரும்பி வந்ததும் மெமரியை மறுபடி படித்தே ஆக வேண்டும். அதனால்தான் லூப் பிழைத்துக்கொள்கிறது. சாதாரண புரோகிராமில் ஓடியதற்குக் காரணம், அங்கே ஆப்டிமைசேஷன் (கோடை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்திருப்பீர்கள். கெர்னல் வழக்கமாக ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவில் கம்பைல் ஆகும். ஆப்டிமைசேஷனே இல்லாத ஓ0-வில் அதைக் கட்டவே முடியாது. சந்தேகம் இருந்தால் ஆப்ஜெக்ட் ஃபைலை ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் போட்டுப் பாருங்கள். லூப் இருக்க வேண்டிய இடத்தில், தன்னையே நோக்கித் தாவும் ஒரே ஒரு பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்ஷன் நிற்கும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஃபிளாகைப் படிக்கும் இடத்தில் ரீட்_ஒன்ஸ், ஹேண்ட்லரில் எழுதும் இடத்தில் ரைட்_ஒன்ஸ் என்று போட்டால் இந்தத் தொல்லை தீரும். ரீட்_ஒன்ஸ் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வேரியபிளின் முகவரியை எடுத்து, அதை வொலட்டைல் (ஒவ்வொரு தடவையும் மெமரிக்கே போ என்று கம்பைலருக்குச் சொல்லும் சி மொழிச் சொல்) பாயிண்டராக மாற்றி, அதன் வழியே படிக்கிறது, அவ்வளவுதான். "இந்த இடத்தில், இந்த ஒரு தடவை, மெமரிக்கே போய்ப் படி, முன்பு படித்ததை வைத்து ஒப்பேற்றாதே, இரண்டாவது தடவையும் படிக்காதே" என்று கம்பைலருக்குக் கட்டளை. படிக்கும் பக்கம் மட்டும் போட்டு எழுதும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எழுதுவதையும் கம்பைலர் ஒத்திப்போடலாம், இரண்டை ஒன்றாக்கலாம், ஒன்றைத் துண்டாக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் டிரைவரில் அந்த லூப்பே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இன்டரப்டுக்காகக் காத்திருக்க கெர்னலில் கம்ப்ளீஷன் என்ற ஏற்பாடு தயாராக இருக்கிறது. வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் கூப்பிட்டுத் தூங்குங்கள். ஹேண்ட்லர் கம்ப்ளீட் என்று கூப்பிட்டு எழுப்பட்டும். சிபியு வீணாகச் சுற்றாது, ஹேண்ட்லர் அதற்கு முன் எழுதிய அளவும் எழுந்தவருக்குச் சரியாகத் தெரியும். டைம்அவுட்டை விட்டுவிடாதீர்கள். வெள்ளத்தில் சென்சார் வயர் அறுந்தால் இன்டரப்ட் வரவே வராது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் வெள்ளத்துக்கு 11 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. வடிகாலில் நீர் ஏறுவதைச் சொல்ல வேண்டிய கருவி ஒரு லூப்பில் நின்றுபோகக் கூடாது.

கேள்வி (சான்-தெனி, ரீயூனியன்): நான் பல வருடம் மைக்ரோகன்ட்ரோலரில் வேலை செய்தவன். இன்டரப்ட் தொடும் வேரியபிள் எதுவானாலும் அறிவிக்கும்போதே வொலட்டைல் போட்டுவிடுவோம். கெர்னலுக்கு அனுப்பிய பேட்சில் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ரீட்_ஒன்ஸும் உள்ளே வொலட்டைல்தான் என்கிறீர்கள். அப்படியானால் என்ன வித்தியாசம் அம்மா?

பதில்: வித்தியாசம், அதை எங்கே ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது ஐயா. அறிவிப்பில் வொலட்டைல் போட்டால், அந்த வேரியபிளைத் தொடும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தும். லாக் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பத்து தடவை படிக்கும் இடத்திலும் ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போக வேண்டிவரும். ஆனால் லாக் பிடித்திருக்கும்போது அந்த வேரியபிள் பகிரப்பட்ட வேரியபிளே அல்ல. லாக் எடுக்கும் ஃபங்ஷனும் விடும் ஃபங்ஷனும் கம்பைலருக்கும் சிபியுவுக்கும் வேண்டிய தடுப்பைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அங்கே சாதாரணமாகப் படித்தால் போதும். பகிர்வு என்பது வேரியபிளின் குணம் அல்ல, அதைத் தொடும் குறிப்பிட்ட வரியின் குணம் என்பதுதான் கெர்னல்காரர்களின் நிலை. 2007-லேயே கெர்னலின் ஆவணங்களில் இதற்கென்று ஒரு தனிப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். விதிவிலக்கு இருக்கிறது: ஜிஃபீஸ் என்ற நேரக் கணக்கு வேரியபிள் பழைய காலத்திலிருந்து வொலட்டைலாகவே இருக்கிறது.

படிக்கிறவருக்குக் கிடைக்கும் பயனையும் நினைத்துப் பாருங்கள். கோடைப் புரட்டும்போது ஒரு வரியில் ரீட்_ஒன்ஸ் கண்ணில் பட்டால், "இங்கே லாக் இல்லை, எதிர்ப்பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. அறிவிப்பு வேறொரு ஹெடர் ஃபைலில் எங்கோ இருக்கும். அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்? உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் பழக்கம் ஒரே ஒரு கோர் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி), சின்ன கோடு என்ற உலகத்தில் உருவானது. அங்கே அது வேலைக்கு ஆகும். நான்கு கோரும் லட்சக்கணக்கான வரியும் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): எங்கள் கேட்வே போர்டில் நான்கு கோர் கார்டெக்ஸ்-ஏ9 சிப். கடந்துபோன பைட்டுகளை 64 பிட் கவுண்டரில் கூட்டுகிறோம். எப்போதாவது ஒரு தடவை கணக்கு திடீரென்று இரண்டு மடங்காகத் தாவிவிட்டு அடுத்த நொடி பழையபடி ஆகிறது. ரீட்_ஒன்ஸும் போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. அக்கா, என்ன விட்டுவிட்டேன்?

பதில்: தாவல் 4 ஜிபி எல்லையில்தான் நடக்கிறதா என்று பதிவுக் கோப்பைப் பாருங்கள். ஆம் என்றால் காரணம் இதுதான்.

உங்கள் சிப் 32 பிட். 64 பிட் எண்ணை அது மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு துண்டாகத் தொடுகிறது. கவுண்டர் 4294967295-ல் நிற்கிறது என்று வையுங்கள்: மேல் பாதி 0, கீழ்ப் பாதி முழுக்க 1-கள். படிக்கிறவர் கீழ்ப் பாதியை எடுத்துவிட்டார். அந்த இடைவெளியில் இன்னொரு கோர் 1 கூட்டுகிறது. இப்போது மேல் பாதி 1, கீழ்ப் பாதி 0. படிக்கிறவர் அடுத்து மேல் பாதியை எடுக்கிறார். அவர் கையில் சேர்ந்த எண் 8589934591. அந்த எண் அந்தக் கவுண்டரில் ஒரு கணம்கூட இருந்ததில்லை. பழைய மதிப்பு கிடைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். எப்போதும் இல்லாத மதிப்பு கிடைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ரீட்_ஒன்ஸ் ஏன் காப்பாற்றவில்லை? அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும். ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் பிளவுபடாமல் படிக்க சிபியுவுக்கே வழி இல்லாதபோது கம்பைலர் என்ன செய்யும்? ரீட்_ஒன்ஸ் மேக்ரோ, கொடுக்கும் வேரியபிளின் அளவைச் சோதித்து, பெரிய ஸ்ட்ரக்சரைக் கொடுத்தால் கம்பைல் ஆகவிடாது. ஆனால் 32 பிட் மெஷினில் 64 பிட் எண்ணை அனுமதித்துவிடுகிறது. அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆர்ம்வி7-ல் எல்பிஏஇ என்ற மெமரி முகவரி விரிவாக்க வசதி உள்ள கார்டெக்ஸ்-ஏ7, ஏ15 போன்ற சிப்புகளில் இரட்டை லோட் இன்ஸ்ட்ரக்ஷன் பிளவுபடாது என்ற உத்தரவாதம் உண்டு. ஏ9-ல் அந்த வசதி இல்லை.

இதற்கு 2010-லேயே கெர்னலின் நெட்வொர்க் பக்கத்தில் யு64_ஸ்டாட்ஸ்_சிங்க் என்று ஒன்று வந்துவிட்டது. 32 பிட் மெஷினில் ஒரு வரிசை எண்ணை வைத்துக்கொள்ளும். எழுதுகிறவர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அந்த எண்ணைக் கூட்டுவார். படிக்கிறவர் முன்னும் பின்னும் அதைப் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி படிப்பார். 64 பிட் மெஷினில் அந்த வரிசை எண்ணே இருக்காது, செலவும் இல்லை. எழுதுகிறவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பதை நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு கோருக்கும் தனிக் கவுண்டர் வைத்து, படிக்கும்போது கூட்டிக்கொள்வது வழக்கம்.

கேள்வி (ரெதுவி பல்கலைக்கழக மாணவி): நூலகத்தில் கிடைத்த புத்தகத்தில் ஆக்சஸ்_ஒன்ஸ் என்று இருக்கிறது. இப்போதைய கெர்னலில் தேடினால் காணவில்லை. அதுவும் ரீட்_ஒன்ஸும் ஒன்றா?

பதில்: நோக்கம் ஒன்றுதான் தங்கச்சி. ஆக்சஸ்_ஒன்ஸ் 2008 வாக்கிலிருந்து இருந்தது. படிக்கவும் எழுதவும் அதையே பயன்படுத்தினார்கள். அப்புறம் ஜிசிசி கம்பைலரின் 4.6, 4.7 பதிப்புகளில் ஒரு கோளாறு தெரியவந்தது. ஸ்ட்ரக்சர், யூனியன் போன்றவற்றின் மேல் வொலட்டைல் போட்டால் கம்பைலர் அதைக் கைவிட்டுவிடும். ஐபிஎம்-மின் மெயின்ஃபிரேம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் போர்ன்ட்ரேகர் 2014 கடைசியில் ரீட்_ஒன்ஸைக் கொண்டுவந்தார். 3.19 கெர்னலில் அது சேர்ந்தது. எழுதுவதற்கான ஜோடி முதலில் அசைன்_ஒன்ஸ் என்ற பெயரில் வந்து பிறகு ரைட்_ஒன்ஸ் ஆனது. பழைய ஆக்சஸ்_ஒன்ஸை 4.15-ல் முழுக்கத் துடைத்துவிட்டார்கள். படிப்பதும் எழுதுவதும் தனித்தனி பெயரில் பிரிந்தது ரொம்ப நல்ல காரியம். அந்தப் பிரிவினை இருப்பதால்தான் பிறகு வந்த சோதனைக் கருவிகளால் எது படிப்பு, எது எழுத்து என்று பார்த்துத் தனித்தனியாக நடந்துகொள்ள முடிகிறது. புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம்; விளக்கம் இன்றைக்கும் பொருந்தும்.

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): என் டிரைவரில், விர்ச்சுவல் மெஷினோடு பகிர்ந்த மெமரியில் இருக்கும் ஒரு ஃபீல்டை ஒரு ஸ்விட்சில் பார்க்கிறேன். ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அதை லோக்கல் வேரியபிளில் ரீட்_ஒன்ஸ் போட்டு எடுத்துக்கொள் என்று ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை படிப்பதை இரண்டு தடவை ஆக்க கம்பைலருக்கு என்ன அதிகாரம்?

பதில்: முழு அதிகாரம் உண்டு. அதனால் ஊரையே உலுக்கிய ஓட்டை ஒன்றும் வந்திருக்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015 டிசம்பரில் ஸென் திட்டம் எக்ஸ்எஸ்ஏ-155 என்ற எண்ணில் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. ஸென் என்பது ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர். விருந்தாளி மெஷின் வட்டிலிருந்து எதையாவது படிக்க வேண்டுமென்றால், பகிர்ந்த மெமரியில் ஒரு கோரிக்கை எழுதி வைக்கும். அதிகாரம் உள்ள பக்கத்தின் பேக்எண்ட் டிரைவர் அதை எடுத்துப் படித்துச் செய்து கொடுக்கும். கோரிக்கையில் "என்ன வேலை" என்பதற்கு ஒரு எண். பேக்எண்டில், உங்களைப் போலவே, அந்த எண்ணின் மேல் ஒரு ஸ்விட்ச்.

கேஸ்கள் சில சேர்ந்துவிட்டால் கம்பைலர் ஸ்விட்சை ஜம்ப் டேபிளாக ஆக்கும். முதலில் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிடும். பிறகு அந்த எண்ணை வைத்து டேபிளில் முகவரி எடுத்து அங்கே தாவும். ஒப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன் மெமரியிலிருந்தே நேராகப் படிக்கிறது. தாவும் இன்ஸ்ட்ரக்ஷனும் மெமரியிலிருந்து மறுபடி படிக்கிறது. வேறு யாரும் தொடவில்லை என்று நம்பும் கம்பைலருக்கு இது குற்றமே அல்ல. இரண்டு தடவை படித்தாலும் ஒரே எண்தானே வரும்? ஆனால் எதிரே இருப்பது கெட்ட எண்ணம் கொண்ட விருந்தாளி. ஒப்பிடும்போது 1 என்று காட்டிவிட்டு, அடுத்த கணமே அதைப் பெரிய எண்ணாக மாற்றிவிட்டால்? டேபிளுக்கு வெளியே எங்கோ இருக்கும் மதிப்பை முகவரி என்று நம்பி, அதிகாரம் உள்ள பக்கம் அங்கே தாவும். சி கோடில் அந்த ஃபீல்டை ஒரே தடவைதான் தொட்டிருக்கிறார்கள். கோடை எத்தனை தடவை படித்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது. அசெம்பிளியைத் திறந்தால்தான் தெரியும்.

லினக்ஸ் பக்கத்தில் சரிசெய்தது, உங்கள் ரிவ்யூவர் கேட்டபடியேதான். கோரிக்கையை முழுதாகத் தன் சொந்த இடத்துக்கு நகல் எடுத்துக்கொண்டு, தேவையான இடத்தில் ரீட்_ஒன்ஸ் போட்டு, சோதிப்பதும் பயன்படுத்துவதும் அந்த நகலின் மேலேயே நடக்கும்படி மாற்றினார்கள். உங்கள் ரிவ்யூவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

பாயிண்டரிலும் இதே கதைதான். நல் (எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) இல்லையே என்று சோதித்துவிட்டு அடுத்த வரியில் அதே பாயிண்டரை மறுபடி வேரியபிளிலிருந்து எடுத்தால், நடுவில் யாரோ அதை நல் ஆக்கியிருக்கலாம். ஒரு தடவை லோக்கலுக்கு எடுத்து அதையே சோதித்து அதையே பயன்படுத்த வேண்டும். ஆனால் பாயிண்டர் காட்டும் மெமரியை யாரும் விடுவித்துவிட மாட்டார்கள் என்று ரீட்_ஒன்ஸ் உறுதி கொடுக்காது. அதற்கு லாக் வேண்டும், இல்லையென்றால் 2002-லிருந்து கெர்னலில் இருக்கும் ஆர்சியூ (படிக்கிறவர்கள் முடிக்கும்வரை பழைய மெமரியை விடுவிக்காமல் வைக்கும் ஏற்பாடு) வேண்டும். ஆர்சியூ_டிரெஃபரென்ஸுக்குள் ரீட்_ஒன்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, தனியாகப் போட வேண்டியதில்லை.

கேள்வி (போ பாசென், ஒரு தாய்): மகள் எபேனில் இந்த வேலைதான் செய்கிறாள். ராத்திரி வெகு நேரம்வரை ஒரே பக்கத்தை, சில நேரம் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதுவும் எழுதுவதாகவும் தெரியவில்லை. வேலையில் சிரமப்படுகிறாளோ என்று கவலையாக இருக்கிறது அம்மா.

பதில்: கவலை வேண்டாம் அம்மா, அவள் வேலைதான் செய்கிறாள். இந்தத் துறையில் எழுதுவது கொஞ்சம், யோசிப்பது அதிகம். அந்த ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினின் மற்ற பக்கங்களில் என்னென்ன நடக்கலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்க்கிறாள். அதைக் கை செய்யாது, கண் மட்டும் அசையாமல் நிற்கும். இந்த வகைப் பிழை மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருந்துவிட்டு ஒரு நாள் வரும். சோதித்துப் பார்த்துப் பிடிப்பது அரிது, யோசித்துத்தான் பிடிக்க வேண்டும். சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தால் கேளுங்கள், புரிய வேண்டியதில்லை. சத்தமாகச் சொல்லும்போது பாதிப் பிழை தானாகவே தெரிந்துவிடும்.

கேள்வி (காத்ரபோர்ன்): கேசிசான் போட்டு ஓட்டினேன். பக்கம் பக்கமாக "டேட்டா ரேஸ்" என்று கத்துகிறது. எல்லா இடத்திலும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போட்டுவிடு, அடங்கிவிடும் என்கிறார் சீனியர். செய்யட்டுமா அக்கா?

பதில்: செய்யாதீர்கள். அடங்கும், ஆனால் பிழை அப்படியே உள்ளே இருக்கும். முன்பாவது கேசிசான் காட்டிக்கொடுத்தது. இனி அதுவும் காட்டாது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: கேசிசான், டேட்டா ரேஸை, அதாவது ஒரே மெமரியை ஒருவர் எழுதும்போதே இன்னொருவர் தடுப்பில்லாமல் தொடுவதைத் தேடும், 2020-ல் 5.8 கெர்னலில் சேர்ந்த சோதனைக் கருவி. கம்பைலரின் உதவியோடு மெமரியைத் தொடும் இடங்களைக் கண்காணிக்கிறது. அவ்வப்போது ஒரு இடத்தில் காவல் வைத்து, அந்த த்ரெடைக் கொஞ்சம் தாமதிக்க வைத்து, அந்த நேரத்துக்குள் வேறு யாராவது அதே மெமரியைத் தொடுகிறார்களா, மதிப்பு மாறுகிறதா என்று பார்க்கும். ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போட்ட இடங்கள் தெரிந்தே செய்தவை என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் சீனியர் சொன்ன வழியில் என்ன ஆகும் என்று ஒரு உதாரணம் பாருங்கள். இரண்டு கோர்கள் ஒரு கவுண்டரை லாக் இல்லாமல் 1 கூட்டுகின்றன. கேசிசான் கத்துகிறது. நீங்கள் அந்த வரியை, ரீட்_ஒன்ஸ் போட்டுப் படித்து, 1 கூட்டி, ரைட்_ஒன்ஸ் போட்டு எழுதுவதாக மாற்றுகிறீர்கள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு கோரும் 7 என்று படித்து இரண்டும் 8 என்று எழுதுவது நிற்கவில்லை. ஒரு கூட்டல் காணாமல் போய்க்கொண்டேதான் இருக்கும். அங்கே வேண்டியது, படித்துக் கூட்டி எழுதுவதைப் பிளவுபடாமல் செய்யும் அட்டாமிக் கவுண்டர், அல்லது லாக்.

ஆகவே ஒவ்வொரு அறிக்கையிலும் முதலில் கேட்க வேண்டியது: இங்கே லாக் இருந்திருக்க வேண்டுமா? பெரும்பாலும் ஆம் என்றே வரும். லாகைப் போடுங்கள். யாரும் போட்டியிடாத ஸ்பின்லாக்கின் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் லாக்) செலவு, பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. வேண்டுமென்றே லாக் இல்லாமல் படிக்கும் இடம் என்றால், படிக்கும் வரியில் ரீட்_ஒன்ஸ் போடுங்கள். எழுதும் பக்கம் லாக் பிடித்திருந்தாலும் ரைட்_ஒன்ஸ் போடுங்கள், ஏனென்றால் படிக்கிறவர் லாக் பிடிக்கவில்லை. லாக் பிடித்துக்கொண்டு படிக்கும் இடங்களை மட்டும் சாதாரணமாகவே விட்டுவிடுங்கள். அப்போதுதான் நாளைக்கு யாராவது லாக் இல்லாமல் எழுதும் வரி ஒன்றைச் சேர்த்தால் கேசிசான் பிடிக்கும். வெறுமனே பதிவுக் கோப்பில் அச்சடிக்க மட்டும் படிக்கிறீர்கள், மதிப்பு தப்பாக வந்தாலும் எதுவும் கெடாது என்றால் டேட்டா_ரேஸ் என்று ஒரு மேக்ரோ இருக்கிறது, அது போதும்.

இன்னொன்றும் வேண்டும். எங்கள் குழுவில் ரீட்_ஒன்ஸ் போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் மேலே ஒரு வரி குறிப்பு இல்லாமல் நான் ஒப்புதல் கொடுப்பதில்லை: இதை யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், பழைய மதிப்பு கிடைத்தால் என்ன ஆகும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதத் தெரியவில்லையென்றால் அங்கே லாக் இல்லாமல் படிக்க நாம் இன்னும் தயாராகவில்லை. உங்கள் சீனியரிடம் இதை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு அறிக்கையை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கேள்வி (யாங்கோன்): ஒரு த்ரெட் பஃபரை நிரப்பிவிட்டு "தயார்" ஃபிளாகை 1 ஆக்குகிறது. இன்னொன்று ஃபிளாகை ரீட்_ஒன்ஸில் பார்த்து, 1 என்றால் பஃபரைப் படிக்கிறது. என் லேப்டாப்பில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ராஸ்பெர்ரி பை 4-ல் அரிதாகப் பழைய தரவு வருகிறது. ரைட்_ஒன்ஸும் போட்டாயிற்று.

பதில்: ஃபிளாகை நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள். தவறுவது வரிசை. ரீட்_ஒன்ஸ் அந்த ஒரு வேரியபிளைப் பற்றி மட்டும் பேசும். அதற்கு முன்னும் பின்னும் தொடும் மற்ற மெமரி எந்த வரிசையில் தெரியவேண்டும் என்று சொல்லாது. உங்கள் லேப்டாப்பின் எக்ஸ்86 சிப் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும், படிப்பதையும் வரிசை மாறாமல் காட்டும். பை 4-ல் இருக்கும் கார்டெக்ஸ்-ஏ72 அப்படி அல்ல. ஃபிளாகின் புதிய மதிப்பு முதலில் தெரிந்து, பஃபர் பிறகு தெரியலாம். படிக்கும் பக்கமும் பஃபரை முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கலாம்.

எழுதும் பக்கத்தில் ரைட்_ஒன்ஸுக்குப் பதில் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், படிக்கும் பக்கத்தில் ரீட்_ஒன்ஸுக்குப் பதில் எஸ்எம்பி_லோட்_அக்வயர். இரண்டும் ஜோடி, ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை. 64 பிட் ஆர்மில் இதற்கென்றே தனி இன்ஸ்ட்ரக்ஷன்கள் இருப்பதால் செலவும் குறைவு. எக்ஸ்86-ல் இது சாதாரண மூவ் இன்ஸ்ட்ரக்ஷனாகவே போய்விடும், கம்பைலர் வரிசை மாற்றாமல் மட்டும் தடுக்கும். லேப்டாப்பில் தவறவில்லை என்பதால் அங்கே மட்டும் விட்டுவைக்கலாம் என்று எண்ண வேண்டாம். கம்பைலருக்கு அங்கேயும் வரிசையை மாற்ற உரிமை உண்டு.

ஒரு பாயிண்டரைப் படித்து அதன் வழியாகவே அடுத்ததைப் படிக்கும்போது மட்டும் நிலைமை வேறு. அந்த வரிசையை இன்றைய சிப்புகள் தாங்களே காப்பாற்றும். காப்பாற்றாத டெக் ஆல்ஃபா என்ற பழைய சிப்புக்காக, 4.15-லிருந்து ரீட்_ஒன்ஸுக்குள்ளேயே தடுப்பைச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் பஃபர் அப்படி இல்லை, தனியாக இருக்கிறது, ஆகவே அக்வயர்-ரிலீஸ்தான். மேலும் படிக்க வேண்டுமென்றால் கெர்னல் சோர்ஸிலேயே டாகுமென்டேஷன் அடைவில் மெமரி-பேரியர்ஸ் என்ற கோப்பும், டூல்ஸ் அடைவில் மெமரி-மாடல் என்ற பகுதியும் இருக்கின்றன. இரண்டாவதில் ஹெர்ட்7 என்ற கருவிக்கான சின்னச் சின்னச் சோதனைகள் கிடைக்கும். உங்கள் ஃபிளாக்-பஃபர் ஜோடியை அதில் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதி ஓட்டினால், தவறு நடக்க இடம் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் பை 4 சொல்வதற்கு முன்பே அது சொல்லிவிடும்.